ஒரு நிமிட மோட்டர்வே

யாழ்ப்பாணத்தில் ‘ஏ ஃபோட்டி’ என்றால் அது ஒரு கார். ஒஸ்ரின் ஏ40. எங்கள் ஊரில் மூன்று இருந்தன. ஒன்று பரியாரியாருடையது. ஒன்று வாடகைக்கு ஓடியது. மூன்றாவது நாலு கல்லின் மேல் ஏறி நின்றது. அதில் கோழிகள் முட்டையிட்டன. மூன்றையுமே ஊர் மரியாதையோடுதான் பார்த்தது.

லண்டனுக்கு வந்த முதல் வாரம், மச்சான் ரெலிபோனில், “பின்னேரம் ஏ ஃபோட்டியிலை வாறன், பத்து நிமிஷத்திலை வந்திடுவன்” என்றான். குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு வாசலில் போய் நின்றேன். பழைய ஒஸ்ரினை இந்த ஊரில் பார்க்கப்போகிறேன் என்ற சந்தோஷம். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு சிவப்பு டட்சனில் வந்து இறங்கினான். “எங்கையடா ஏ ஃபோட்டி?” என்றேன். “அதிலைதான் இவ்வளவு நேரமும் நிண்டனான். சரியான ட்ராபிக்” என்றான்.

அன்றுதான் தெரிந்தது, இங்கே ஏ40 என்பது ஒரு றோட்டு. லண்டனில் புறப்பட்டு, ஒக்ஸ்போர்ட் பக்கமாக, வேல்ஸின் மேற்குக் கரையில் ஃபிஷ்கார்ட் வரை போகிற நீண்ட றோட்டு. அதில் பாடிங்டனுக்கும் வைட் சிற்றிக்கும் நடுவே, வீட்டுக் கூரைகளின் உயரத்தில் தூண்மேல் ஓடும் துண்டுக்கு வெஸ்ட்வே என்று பெயர். அந்தத் துண்டுக்கு மட்டும் அப்போது எண் ஏ40(எம்). எம் என்றால் மோட்டர்வே. ஏ றோட்டுத்தான், ஆனால் மோட்டர்வே அந்தஸ்து உண்டு என்பது அந்த அடைப்புக்குறியின் பொருள்.

அடைப்புக்குறியின் மகிமை எனக்குப் புதிதல்ல. எங்கள் ஊரில் படித்தவர்கள் வீட்டு வாசற்பலகையில் ‘பி.ஏ. (லண்டன்)’ என்று இருக்கும். அவர்களில் பலர் லண்டனைக் கண்ணால் கண்டதில்லை. ஊரில் இருந்தபடியே லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சை எழுதி எடுத்த பட்டம். ஆனால் அந்த அடைப்புக்குறிக்காகவே கலியாணப் பேச்சில் சீதனம் ஒரு படி ஏறும். லண்டனில் றோட்டுகளும் அப்படித்தான் என்று அறிந்தபோது ஊர் ஞாபகம் வந்தது.

அந்த வெஸ்ட்வேயிலிருந்து தெற்கே ஒரு கிளை இறங்கியது. அதற்கு அடைப்புக்குறி கூட இல்லை, சுத்தமான எம். எம்41. எம்1, எம்4 போல நாட்டையே குறுக்கறுத்துப் போகும் பெரிய மனிதர்களின் வரிசையில் இதற்கும் ஓர் ஆசனம். நீளம் முக்கால் மைல்.

அச்சுப்பிழை இல்லை. வடக்கே வைட் சிற்றியில் தூண்களில் நிற்கும் ஒரு ரவுண்டபவுட். தெற்கே ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷில் ஹொலண்ட் பார்க் ரவுண்டபவுட். நடுவில் முக்கால் மைல் மோட்டர்வே. இடையில் ஏறவும் வழியிருக்கவில்லை, இறங்கவும் வழியிருக்கவில்லை. நல்லூர்க் கோயிலடியிலிருந்து யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் போகிற தூரத்தில் பாதிகூடத் தேறாது. ஆனால் மோட்டர்வேக்குரிய சகல மரியாதையும் அதற்கு இருந்தது. நீலப் பலகை, தொடங்கும் இடத்தில் ஓர் அறிவிப்பு, முடியும் இடத்தில் ஓர் அறிவிப்பு. முதல் பலகையை வாசித்து முடிக்கும்போது இரண்டாவது பலகை தெரியத் தொடங்கிவிடும்.

ஆகக் குட்டி மோட்டர்வே என்ற பெருமையாவது அதற்கு இருந்ததா என்றால் அதுவும் இல்லை. ஸ்கொட்லாந்தில் எர்ஸ்கின் பாலத்துக்குப் போகும் எம்898 வெறும் அரை மைல். கடைசிப் பரிசைக்கூட இன்னொருவன் தட்டிக்கொண்டு போய்விட்டான்.

எனக்குக் கார் ஓடப் பழக்கியவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். ஊரில் கணக்கு மாஸ்டர். உப அதிபராகவும் இருந்தவர். லண்டனில் இரட்டைப் பிறேக் வைத்த ஒரு நிசான் மைக்ராவுக்கு அதிபர். கூரையில் எல் போர்டு. பின்கண்ணாடியில் சின்னதாக ஒரு பிள்ளையார். ஊரிலே பிரம்போடு வகுப்புக்குள் வந்த அதே கம்பீரத்தோடு இடப்பக்கச் சீற்றில் ஏறி உட்காருவார். மாணவர்களை ‘நீர்’ என்றுதான் பேசுவார். நாற்பது வயது எஞ்சினியரும் அவர் முன்னால் எட்டாம் வகுப்புத்தான்.

எனக்கு ஊரில் லைசென்ஸ் இருந்தது. அது இங்கே முதல் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். அந்த ஒரு வருடமும் என்னிடம் கார் இல்லை. கார் வாங்கும் யோசனை வந்தபோது லைசென்ஸ் இல்லை. ஆகவே ஊரில் மாமாவின் லொறியை வவுனியா வரை ஓட்டிப்போன நான், நெற்றியில் சிவப்பு எல் எழுத்தோடு ஆனா ஆவன்னாவிலிருந்து தொடங்கினேன்.

முதல் பரீட்சையில் கோர்ணால் கெட்டேன். எங்கள் ஊர் ஒழுங்கைகளில் ஒவ்வொரு முடக்குக்கும் ஒரு கோர்ண் அடிக்காவிட்டால் எதிரே சைக்கிளில் வருகிற மனிதர் கோபித்துக்கொள்வார். அந்தப் பழக்கத்தில் வெம்பிளியின் ஒரு அமைதியான தெருவில் ஏழு முடக்குக்கு ஏழு தரம் அடித்தேன். பரீட்சகர் ஒவ்வொன்றுக்கும் தாளில் ஒரு கோடு போட்டார். ஏழாவது கோட்டில் பென்சில் முறிந்தது. இரண்டாவது தரம் கோர்ணைத் தொடவேயில்லை. அந்தக் கவனத்தில் ஒரு ரவுண்டபவுட்டில் நிற்க மறந்துவிட்டேன். மூன்றாவது தரம் எல்லா இடத்திலும் நின்றேன். ஒரு கிழவிக்கு, ஒரு நாய்க்கு, பச்சை விளக்குக்கு.

மாஸ்டரின் பாடத்தில் மோட்டர்வேக்கு ஒரு தனி அத்தியாயம் உண்டு. வாய்ப்பாடு மாதிரிச் சொல்லுவார். “மோட்டர்வேயிலை நடந்து போறவை கூடாது. சைக்கிள் கூடாது. ஐம்பது சிசிக்குக் குறைஞ்ச மொபெட் கூடாது. உழவு மெசின் கூடாது. ஆடு மாடு குதிரை கூடாது. எல் போர்டு கூடாது. விளங்குதோ? குதிரைக்கும் உமக்கும் ஒரே சட்டம்.”

வெம்பிளியிலிருந்து பாடம் தொடங்கினால் ஹார்ல்ஸ்டன், ஸ்க்ரப்ஸ் லேன், வூட் லேன் என்று இறங்கி, பிபிசியின் தொலைக்காட்சி நிலையத்தைக் கடந்து ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷுக்கு வருவோம். இடது கைப்பக்கம் கூப்பிடு தூரத்தில் எம்41 எங்களோடு சமாந்தரமாக ஓடிக்கொண்டிருக்கும். நாங்கள் பஸ்ஸுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டிருப்போம். “அங்காலை பாராதையும். உமக்கு அது இன்னும் பாடத்திட்டத்திலை இல்லை” என்பார்.

ஒருநாள் பாடத்திட்டம் பிசகியது.

ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷிலிருந்து ஹொலண்ட் பார்க் ரவுண்டபவுட்டை நோக்கிப் போகிறோம். “ரெண்டாவது வழி. ரெண்டாவது” என்றார். முதலாவது வழி இடதுபக்கம், அதுதான் எம்41. இரண்டாவது, நேரே ஹொலண்ட் பார்க் அவெனியூ. எனக்கு எண்ணத் தெரியும். ஆனால் வலதுபக்கத்தில் ஒரு பெரிய கொங்கிரீட் லொறி என்னை ஒட்டிக்கொண்டு வந்தது. ஊரிலே அப்படி ஒரு லொறி ஒட்டினால் இடதுபக்கம் வயலுக்குள் இறக்கிவிடுவோம். இங்கே வயல் இல்லை. இறக்கிய இடம் மோட்டர்வே.

நீலப் பலகை தலைக்கு மேலால் போனது. மாஸ்டர் ஒன்றும் பேசவில்லை. வகுப்பில் யாராவது பூச்சியத்தால் வகுத்தால் அவர் இப்படித்தான் சிலநொடி மௌனமாக நிற்பார் என்று பின்னர் அவருடைய பழைய மாணவர் ஒருவர் சொன்னார்.

“மாஸ்டர், நிப்பாட்டட்டோ?”

“நிப்பாட்டினால் அது ரெண்டாவது குற்றம்.”

“திருப்பட்டோ?”

“திருப்பினால் நாங்கள் ரெண்டு பேரும் இல்லை. நேரை பார்த்து ஓடும்.”

ஓடினேன். மணிக்கு இருபத்தைந்து மைல். பக்கத்தால் போன கார்களில் இருந்தவர்கள் எங்கள் கூரைமேல் எழுந்து நின்ற சிவப்பு எல்லைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்து, பிறகு மாஸ்டரைப் பார்த்தார்கள். மாஸ்டர் தினசரிப் பத்திரிகையை எடுத்து முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டார். தலைகீழாக. கால் மட்டும் இரண்டாவது பிறேக்கின் மேல் இருந்தது.

மேலே போய்ச் சேர்ந்தால் தூண்மேல் நிற்கும் ரவுண்டபவுட். இடதுபக்கம் திரும்பினால் மேற்கே போகிற சாதாரண ஏ40. எல் போர்டுக்கு அனுமதி உண்டு. வலதுபக்கம் போனால் ஏ40(எம்), அதுவும் மோட்டர்வே, அடைப்புக்குறிக்குள். “இடது” என்றார் மாஸ்டர். இரண்டு நிமிடத்துக்கு முன்னர் இடது திரும்பியதால் வந்த வினை அல்லவா? கை திரும்ப மறுத்தது. சுற்றினேன். இன்னொரு தரமும் சுற்றினேன். சுற்றும்போது வடக்குப் பக்கத்தில் ஒரு விநோதம் தெரிந்தது. ரவுண்டபவுட்டிலிருந்து இரண்டு குட்டி வழிகள் கிளம்பி, சில அடி போய், அந்தரத்தில் நின்றன. அதற்கப்பால் வானம்.

“மாஸ்டர், உந்த றோட்டுகள் எங்கை போகுது?”

“அதுகளுக்கும் தெரியாது. நீர் இடது பக்கம் எடும்.”

மூன்றாவது சுற்றில் எடுத்தேன். ஏ40இல் இறங்கினோம். ஒன்றும் மாறவில்லை. அதே லொறிகள், அதே வேகம், அதே நான். மாஸ்டர் பத்திரிகையை மடித்தார். “இப்ப நீர் சட்டப்படி ஓடுறீர்” என்றார். சிறிது நேரம் கழித்து அவருக்குள் இருந்த கணக்கு வாத்தியார் விழித்துக்கொண்டார். “முக்கால் மைல். 45 மைல் வேகத்திலை போனால் சரியா ஒரு நிமிஷம். நீர் 25இலை ஓடினபடியால் 108 விநாடி. பிழை செய்தாலும் செபமாலைக் கணக்கிலை செய்திருக்கிறீர்.”

அந்த அந்தரத்து வழிகளின் கதையை நான் பின்னால்தான் அறிந்தேன். 1960களில் லண்டனை ஆண்ட பெருநகர சபைக்கு ஓர் ஆசை: நகரைச் சுற்றி வளையம் வளையமாக மோட்டர்வே. ஆக உள்ளே இருந்த வளையத்துக்கு ரிங்வே 1 என்று பெயர். மோட்டர்வேப் பெட்டி என்றும் சொன்னார்கள். அந்தப் பெட்டியின் மேற்குப் பலகைதான் எம்41. வடக்கே ஹார்ல்ஸ்டன் பக்கமும், தெற்கே தேம்ஸைத் தாண்டி பற்றர்சீ வரைக்கும் போயிருக்கவேண்டியது. வடக்கே போகும் வழிக்கு ரவுண்டபவுட்டில் முன்கூட்டியே வாசல் வைத்துவிட்டார்கள். வீடு கட்டுமுன் வாசற்படியை வைத்து நாள் பார்க்கும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல.

1970 ஜூலை 28ஆம் திகதி வெஸ்ட்வேயைத் திறந்துவைத்தவர் மைக்கல் ஹெசல்ரைன். அப்போது போக்குவரத்து அமைச்சில் இளைய அமைச்சர். அக்லம் றோட்டில் படுக்கையறை யன்னலுக்குக் கைநீட்டும் தூரத்தில் மோட்டர்வே வந்துவிட்ட சனங்கள், தங்களுக்கு வேறு வீடு கொடுத்து இந்த நரகத்திலிருந்து எடுக்கும்படி பெரிய எழுத்தில் பதாகை கட்டித் தொங்கவிட்டார்கள். நாடா வெட்டிய கையோடு நகரம் யோசிக்கத் தொடங்கியது. மிச்சப் பெட்டிக்கு எத்தனை ஆயிரம் வீடு இடிக்கவேண்டும் என்று எண்ணிப்பார்த்தார்கள். 1973 தேர்தலில் திட்டத்தைக் கைவிடுவோம் என்று சொன்ன தொழிற்கட்சி வென்றது, கைவிட்டது. பெட்டியில் ஆணியடித்து முடிந்த பலகைகள் மட்டும் மிஞ்சின. எங்கள் பலகையின் நீளம் முக்கால் மைல்.

இதையெல்லாம் வாசித்தபோது எனக்கு எம்41இன் மேல் இருந்த பயம் போய், ஒரு சொந்தக்காரப் பாசம் வந்தது. பெரிய இடத்துக்குப் போகவேண்டியது, காலம் சரியில்லை, ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷில் நின்றுவிட்டது. இதே வசனத்தை நான் வேலை செய்த பெற்றோல் ஸ்டேசனில் இரவு ஷிப்ட்டுக்கு நின்ற நாலு பேரைப் பற்றியும் சொல்லலாம். ஒருவர் புறொக்டர், ஒருவர் பாங்க் மனேஜர், ஒருவர் பொறியியல் மூன்றாம் வருடம். நாலாவது நான். நான் எங்கும் போகவேண்டியவன் அல்ல. இருந்தாலும் அவர்களோடு சேர்த்து எண்ணிக்கொள்வதில் ஒரு பெருமை.

நாலாவது பரீட்சையில் பாஸ். 1993. எல் போர்டைக் கழற்றி மாஸ்டரிடம் கொடுத்தபோது, “இனி நீர் குதிரை இல்லை” என்று கைகொடுத்தார்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே மனைவியை ஏற்றிக்கொண்டு, மச்சானிடம் வாங்கிய அந்தச் சிவப்பு டட்சனில் எம்41க்குப் போனேன். முறைப்படி, உரிமையோடு, தெற்கிலிருந்து வடக்கே. ஓர் இளைஞன் முதன்முதல் மாமனார் வீட்டு முன்வாசலால் போவது போல. மனைவியிடம் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன்: இப்ப வரும், இந்தா வரப்போகுது, நல்லாப் பார். அவள் கைப்பையைத் திறந்து சீப்பைத் தேடினாள். நிமிர்ந்தபோது ரவுண்டபவுட்.

“எங்கை உங்கட மோட்டர்வே?”

“முடிஞ்சுது.”

“இஞ்சேருங்கோ, இதுக்கோ நாலு தரம் பரீட்சை எழுதினனீங்கள்?”

அன்றிரவே அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். அப்போது யாழ்ப்பாணத்துக்கு ரெலிபோன் இல்லை, கரண்ட் இல்லை, பெற்றோலுக்குத் தடை. கடிதம் கொழும்பு சுற்றிப் போய்ச் சேர வாரக்கணக்கு. லைசென்ஸ் கிடைத்ததையும், ஏ ஃபோட்டியில் ஓடியதையும், அங்கிருந்து எம் ஃபோட்டி வண்ணுக்குப் போனதையும் விரிவாக எழுதியிருந்தேன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. நான் ஏ ஃபோட்டி வாங்கியதை ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டாராம். பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் நேர்ந்திருக்கிறாராம். பரியாரியாரின் ஏ ஃபோட்டி இப்போது மண்ணெண்ணெயில்தான் ஓடுகிறது. ஸ்டார்ட் எடுக்க மட்டும் ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டால் போதும். உனக்கும் அங்கே பெற்றோல் தட்டுப்பாடு வந்தால் இப்படிச் செய், என்று முறையும் எழுதியிருந்தார். கடைசி வரியில், எம் ஃபோட்டி வண் என்பது புது மொடலா, எத்தனை பேர் இருக்கலாம் என்று ஒரு கேள்வி.

அந்தக் கடிதத்தை வாசித்தபோது நான் பெற்றோல் ஸ்டேசன் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தேன்.

எம்41 செய்தியில் அடிபட்டது ஒரே ஒருநாள். 1996 ஜூலை 13, சனிக்கிழமை. ரூட்டிங்கில் மனைவியின் ஒன்றுவிட்ட அக்கா மகளுக்குச் சாமத்தியவீடு. காரின் பின்சீற்றில் இரண்டு பெட்டி பலகாரம், முன்சீற்றில் பட்டு வேட்டியோடு பெரியப்பா. ஏ40இல் வந்து எம்41இல் இறங்கினால் அப்படியே ஏர்ல்ஸ் கோர்ட், பற்றர்சீ பாலம், ரூட்டிங். வைட் சிற்றியில் பொலிஸ் மறித்தது. மோட்டர்வே மூடியிருக்கிறது என்றார்கள். விபத்தா என்றால், இல்லையாம். பார்ட்டியாம்.

றோட்டுகளைக் கார்களிடமிருந்து மீட்போம் என்று கிளம்பிய ‘ரிக்ளெய்ம் த ஸ்ட்ரீட்ஸ்’ கூட்டம், ஆயிரக்கணக்கில் வந்து எம்41இல் பாட்டும் ஆட்டமும் வைத்துவிட்டது. கூட்டத்துக்கு நடுவே பிரம்மாண்டமான இரண்டு சீமாட்டிகள் நடந்தார்களாம். பொய்க்காலில் நிற்கும் உருவங்கள். கூடாரம் போல விரிந்த பாவாடைகள். மேலே அவர்கள் கையசைத்துச் சிரிக்க, கீழே பாவாடைக்குள் ஒளிந்திருந்தவர்கள் துளைபோடும் மெசினால் தாரைக் கிண்டிக்கொண்டிருந்தார்கள். பாட்டுச் சத்தத்தில் மெசின் சத்தம் வெளியே கேட்கவில்லை. கிண்டிய குழிகளில் மரக்கன்றுகளை நட்டார்கள். நம் ஊர்ப் பொய்க்கால் குதிரைக்காரருக்கு இப்படி ஒரு யோசனை வராதது எங்கள் வீதிகளின் அதிர்ஷ்டம்.

இந்த விபரமெல்லாம் மறுநாள் தெரிந்ததுதான். அன்று காருக்குள் நடந்தது வேறு. நான் பொலிஸ்காரர் சொன்னதில் பாதியைப் பெரியப்பாவுக்கு மொழிபெயர்த்தேன். அவர் கண்ணாடியை இறக்கி, மேளச் சத்தம் போலக் கேட்டதைக் கொஞ்ச நேரம் கூர்ந்து கேட்டார்.

“எங்கட ஊரிலை றோட்டை மறிக்கிறதெண்டால் மரத்தைத் தறிச்சுப் போடுவாங்கள்” என்றார். “இவங்கள் பாட்டுப் போட்டெல்லோ மறிக்கிறாங்கள்.”

மரமும் நட்டார்கள் என்று மறுநாள் சொன்னேன். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “என்ன மரம்?” என்று மட்டும் கேட்டார்.

ரூட்டிங் போய்ச்சேர்ந்தபோது பிள்ளைக்கு ஆரத்தி எடுத்து முடிந்து, வீடியோக்காரர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். அந்த வீடியோவில் நாங்கள் இல்லை. இன்றைக்கும் ஒன்றுவிட்ட அக்கா அதைச் சொல்லிக் காட்டுவார். மோட்டர்வேயில் பாவாடைக்குள் குழி கிண்டினார்கள் என்ற எங்கள் விளக்கத்தை அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

2000ஆம் ஆண்டு லண்டனுக்குப் புதிய மாநகர நிர்வாகம் வந்தது. பெரிய றோட்டுகள் ‘ட்ரான்ஸ்போர்ட் ஃபோர் லண்டன்’ கைக்குப் போயின. அந்தக் கைமாற்றத்தில் நகரத்தின் சில துண்டு மோட்டர்வேகளுக்கு எம் பறிபோனது. ஏ40(எம்) அடைப்புக்குறியை இழந்து வெறும் ஏ40 ஆனது. கிழக்கே பிளாக்வோல் சுரங்கப் பாதைக்குப் போகும் ஏ102(எம்)முக்கும் அதே கதி. எம்41இன் நிலைமைதான் பரிதாபம். கழற்ற அதனிடம் அடைப்புக்குறி இல்லை, தலையையே எடுக்கவேண்டியிருந்தது. தெற்கே ஏர்ல்ஸ் கோர்ட் பக்கம் ஓடிக்கொண்டிருந்த ஏ3220 என்ற சாதாரண றோட்டு வடக்கே நீண்டு அதை விழுங்கியது.

நீலப் பலகை போய்ப் பச்சைப் பலகை வந்தது. மேளதாளம் இல்லை. 1970இல் திறக்க அமைச்சர் வந்தார். 2000இல் இறக்க ஏணியோடு இரண்டு பேர் வந்திருப்பார்கள். நான் மாஸ்டருக்கு ரெலிபோன் எடுத்தேன். அவர் அப்போது ஓய்வெடுத்து வீட்டோடு இருந்தார்.

“மாஸ்டர், எம் ஃபோட்டி வண்ணை இறக்கிப்போட்டாங்கள். இப்ப ஏ3220.”

“மெய்யே?” கொஞ்ச நேரம் சத்தமில்லை. கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. “41இலிருந்து 3220. எண் கூடுது, மதிப்புக் குறையுது. எங்கட ரூபா மாதிரி.” பிறகு, “றோட்டைச் சுருக்கிப்போட்டாங்களோ?” என்று கேட்டார்.

“இல்லை மாஸ்டர். அதே அகலம், அதே நீளம்.”

“தார்?”

“அதே தார்.”

“அப்ப என்னத்தை இறக்கினவங்கள்?”

உப அதிபராக இருந்து மைக்ராவுக்கு வந்தவரிடம் இதற்கு நான் என்ன பதில் சொல்வது? ‘பலகையை’ என்றேன்.

அன்றைக்கு அவர் இன்னொன்றும் கேட்டார். “அப்ப இனி குதிரை போகலாமோ?”

யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை திறந்த பிறகு, நான் லண்டனுக்கு வந்து பத்துப் பதினைந்து வருடம் கழித்து, ஊருக்குப் போனேன். பரியாரியாரின் ஏ ஃபோட்டி இன்னும் ஓடியது, பெற்றோலில். பெயின்ற் மூன்று தரம் மாறியிருந்தது. கதவு ஒன்று வேறு காரினுடையது. எஞ்சின் எந்தக் காரினுடையது என்று பரியாரியாரின் மகனுக்கே நிச்சயமில்லை. ஆனால் எண் மட்டும் மாறவில்லை. ஊரில் அது அன்றும் ஏ ஃபோட்டி, இன்றும் ஏ ஃபோட்டி. இங்கே அதற்கு நேர்மாறாகச் செய்திருக்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். “எண்ணை ஏன் மாத்தினவை? கொம்பனி மாறிட்டுதோ?” என்று கேட்டார். ஒருவகையில் அவர் சொன்னதுதான் சரி.

2008 ஒக்டோபர் கடைசியில் அந்த றோட்டின் பக்கத்திலேயே வெஸ்ட்ஃபீல்ட் என்ற மாபெரும் கடைத்தொகுதி திறந்தது. முப்பத்தெட்டு வருடம் இடையில் இறங்க வழியே இல்லாமல் விறைப்பாக நின்ற றோட்டில், கடைக்குப் போக ஒரு வழி திறந்தார்கள். மோட்டர்வேயாக இருந்தபோது யாரும் அதற்காக வந்ததில்லை. அதால் எங்கேயோ போனார்கள். இப்போது சனிக்கிழமைகளில் அங்கேயே நிற்கிறார்கள். லண்டனின் சகல குடும்பங்களும் அதில் வரிசை கட்டி நின்று சப்பாத்து வாங்கக் காத்திருக்கும்.

2012இல் மகளுக்குப் பதினேழு வயது. எல் போர்டு ஒட்டினோம். காந்தம் வைத்த எல். ஒட்டிக் கழற்ற ஒரு நொடி. எங்கள் காலத்தில் இது இருந்திருந்தால் மாஸ்டர் பத்திரிகை விரித்திருக்கத் தேவையில்லை. நான் இடப்பக்கச் சீற்றில் உட்கார்ந்தேன். இரண்டாவது பிறேக் இல்லாததால் என் கால் வெறுந்தரையை மிதித்துக்கொண்டிருந்தது.

ஹொலண்ட் பார்க் ரவுண்டபவுட் வந்தது. அதன் நடுவே, தேம்ஸ் வோட்டர்காரர் 1994இல் நட்ட கண்ணாடிக் கோபுரம். நிலத்தடி நீர்க்குழாயிலிருந்து மேலே எழும் குழாயை மறைக்கக் கட்டியது. காற்றழுத்தத்துக்கு ஏற்ப நீலநீர் ஏறி இறங்கும்படி செய்தது. பெரியப்பா இருந்த காலத்தில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், அபிஷேகம் நடக்கிறது என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

“முதலாவது வழி எடு” என்றேன்.

எடுத்தாள். எல் போர்டோடு, சட்டப்படி, பச்சைப் பலகைக்குக் கீழால். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இருபது வருடத்துக்கு முன்னர் குதிரையோடு சேர்த்து என்னை வெளியே நிறுத்திய றோட்டு என் மகளை வாவென்று உள்ளே விட்டது. இதை அவளுக்குச் சொல்லவேண்டும் என்று வாய் திறந்தேன். பழக்கதோஷத்தில், ஒரு நிமிடத்துக்குள் சொல்லி முடிக்கவேண்டுமே என்று அவசரப்பட்டு, “பிள்ளை, இது முந்தி மோட்டர்வே” என்று தொடங்கினேன்.

அவள் பிறேக் போட்டாள். முன்னால் வெஸ்ட்ஃபீல்ட் வரிசை. சனிக்கிழமை, நத்தார்க் காலம். கண்ணுக்கெட்டிய தூரம் சிவப்பு விளக்குகள்.

ஆகவே ஆறுதலாகச் சொன்னேன். ரிங்வேயைச் சொன்னேன், அந்தரத்து வழிகளைச் சொன்னேன், பாவாடைச் சீமாட்டிகளையும் மரக்கன்றையும் சொன்னேன், மண்ணெண்ணெய் ஏ ஃபோட்டியைச் சொன்னேன். இவ்வளவுக்கும் இருநூறு யார் நகர்ந்திருப்போம். மோட்டர்வேயாக இருந்தபோது ஒரு வசனத்துக்குக்கூட நேரம் தராத றோட்டு அது. கதைச் சூட்டில், இதுவரை வீட்டில் யாருக்கும் சொல்லாத அந்த 108 விநாடியையும் சொல்லிவிட்டேன்.

மகள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

“எல் போர்டோட மோட்டர்வேயிலை ஓடினனீங்களா? இல்லீகல் எல்லோ அப்பா?”

“நேரை பார்த்து ஓடும்” என்றேன்.

“எங்கை ஓடுறது? கார் நிக்குது.” அவள் கையில் ரெலிபோன் இல்லை, சட்டப்படி பின்சீற்றுப் பைக்குள் இருந்தது. அதுவரை தப்பினேன். “வீட்டை போனதும் அம்மாட்டைச் சொல்லுறன்.”

முன்னால் இருந்த கார் ஓர் அடி நகர்ந்தது. நாங்களும் நகர்ந்தோம்.